விரிசலை வழிக்குக் கொண்டுவருதல்

கினிகத்தேனையைத் தாண்டி ஹட்டன் பக்கம் ஏறினால் வருகிற வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை விழும். இலங்கையில் மிக அதிகமாக நனைகிற இடங்களில் அது ஒன்று. கினிகத்தேனையும் அந்த மழைக்குத் தப்பிய ஊர் அல்ல. இங்கே பாதையோரம் வீசிய போத்தல் வெறும் போத்தலாக நெடுநாள் கிடப்பதில்லை. ஒரு பின்னேர மழையில் தண்ணீர் ஏறிவிடும். அடுத்த வாரம் அதற்குள் நுளம்புக் குடம்பிகள் நெளியும். 2017இல் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டபோது வீடு வீடாகத் தேடி அழிக்கப்பட்டவை பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்னஞ்சிறு நீர்த்தேக்கங்களே. தகரப் பேணி துருவேறி ஓட்டையாகும். கடதாசிப் பெட்டி ஊறி மண்ணோடு போகும். கண்ணாடி மட்டும் அப்படியே கிடக்கும். உடைந்தால் தொல்லை வேறு வடிவம் எடுக்கும்: மழை மண்ணை அரித்துச் சில்லுகளை மலைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க, கொழுந்து எடுக்கப் போகிறவர்களின் கால் அதைக் கண்டுபிடிக்கும்.

போத்தலுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. அவிசாவளையில் இருந்து ஹட்டன், நுவரெலியா போகும் ஏ7 பெருந்தெரு ஊருக்குள்ளால் ஏறுகிறது. டிசம்பர் பூரணையில் தொடங்கி வெசாக் வரை நீளும் சிவனொளிபாதமலைப் பருவத்தில், மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகிறவர்களில் பலர் இங்கே இருந்துதான் நோட்டன் பக்கம் திரும்புகிறார்கள். கீழே கித்துல்கலையில் களனி கங்கையில் படகோட்ட வருகிற கூட்டம் தனி. தோட்டங்களில் சம்பள நாள், கோயில் திருவிழா, கல்யாணம் என்று எல்லாவற்றுக்கும் அடுத்த நாள் காலையில் போத்தல் மிஞ்சும்.

அவற்றில் ஒரு பகுதிக்கு வழி இருக்கிறது. கடைக்குத் திருப்பிக் கொடுத்தால் காசு கிடைக்கும் சோடாப் போத்தலும் பியர் போத்தலும் அநேகமாகத் திரும்பிப் போய்விடும். 'போத்தல் பத்தர' என்று கூவிக்கொண்டு வருகிறவர் விலை படிகிற போத்தல்களை எடுத்துப் போவார். ஜேம் போத்தல், சோஸ் போத்தல், வடிவம் வித்தியாசமான வெளிநாட்டு மதுப் போத்தல் ஆகியவற்றை அவர் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். கண்ணாடி பாரமான சரக்கு, இடத்தை அடைக்கும், விலையோ சொற்பம். மலையிறக்கி ஏற்றிப் போகிற லொறிக் கூலியே அதன் பெறுமதியைத் தின்றுவிடும். இந்த அத்தியாயம் பேசப்போவது யாரும் கேட்டு வராத இந்த மிச்சப் போத்தல்களைப் பற்றி, அவற்றை விளக்காகவும் குவளையாகவும் தோட்டமாகவும் மணியாகவும் மாற்றிப் பரிசுப்பொருள் ஆக்குகிற கைவேலையின் பௌதிகத்தையும் இரசாயனத்தையும் பற்றி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அலங்காரப் பொருள் செய்வதால் குப்பைப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பத் தேவையில்லை. திரும்பிப் போகக்கூடிய ஒரு பியர் போத்தல், தொழிற்சாலையில் சூடான கோஸ்டிக் சோடாக் கரைசலில் குளித்து, இருபது முப்பது தடவை மறுபடி நிரப்பப்படும். அதைப் பிடித்து நிறுத்தி வர்ணம் அடித்து அலுமாரியில் வைப்பது சூழலுக்குச் செய்யும் நன்மை ஆகாது. கைவேலைக்கு உரியவை, எவரும் திருப்பி வாங்காத போத்தல்கள்.

போத்தல் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் அதை எப்படி வெட்டுவது என்பதும் பாதி தெரிந்துவிடும். எடையில் ஏறக்குறைய 72 வீதம் சிலிக்கா மணல், 13 வீதம் சோடா, 10 வீதம் சுண்ணாம்பு, மிச்சம் சில்லறைச் சேர்மானங்கள்: உலகத்தின் பெரும்பாலான போத்தல்களுக்கு இதுதான் கணக்கு. தனிச் சிலிக்கா உருக 1,700 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். சோடா சேர்ந்தால் 1,500 பாகை அளவிலேயே வேலை முடிகிறது. இலங்கையில் நல்ல சிலிக்கா மணலுக்கு நாத்தாண்டியா, மாரவில பக்கமும் வடமராட்சிக் கரையும் பெயர் பெற்றவை. போத்தல் வார்க்கும் தொழிற்சாலை முன்பு இரத்மலானையில் இருந்தது, இப்போது ஹொரணையில் இருக்கிறது. அங்கே உலைக்குள் மணலோடு பழைய கண்ணாடிச் சில்லும் போகும். சில்லின் பங்கு 10 வீதம் கூடினால் உலைக்குத் தேவையான சக்தி 2.5 முதல் 3 வீதம் வரை குறைகிறது. ஒரு தொன் சில்லு, 1.2 தொன் மூலப்பொருளுக்குச் சமம்.

நிறம் வேறு கதை. மண்ணிறப் போத்தலுக்குள் இரும்பும் கந்தகமும் சேர்ந்து வேலை செய்கின்றன, பச்சைக்குக் குரோமியம். பியர் போத்தல் மண்ணிறமாக இருப்பதற்குக் காரணம் அழகு அல்ல. ஹொப்ஸ் பூவில் இருந்து வரும் கசப்புப் பொருள்மேல் நீல ஒளி பட்டால், பியருக்குள் இருக்கும் ரைபோபிளேவின் துணையோடு அது சிதைந்து, நாற்றம் பிடித்த கந்தகச் சேர்மம் ஒன்று உருவாகும். மண்ணிறக் கண்ணாடி அந்த ஒளியைத் தடுத்துவிடும். மலையகத்துக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. லயன் பியரின் பரம்பரை 1881இல் நுவரெலியாவில் தொடங்கியது. அதற்கும் முன்னால் சாமுவேல் பேக்கர் அதே ஊரில் பியர் வடித்துப் பார்த்திருக்கிறார். தேயிலைத் தூளைப் போத்தலில் அடைத்துப் பரிசாக விற்க நினைப்பவர்கள் இந்தப் பாடத்தைக் கவனிக்கலாம். தூளுக்கு ஈரம், காற்று, ஒளி மூன்றும் பகை. கண்ணாடி முதலிரண்டையும் தடுக்கும். ஒளியைத் தடுக்க மண்ணிறம் வேண்டும். வெள்ளைப் போத்தலில் தூள் பார்க்க அழகாகத்தான் இருக்கும், கடை ஜன்னலில் ஒரு மாதம் வெயில் காய்ந்தால் வாசம் போய்விடும்.

இனி வெட்டு.

போத்தலை வெட்டுவதுதான் இந்த வேலையின் முதற்படி. பெரும்பாலானோர் தோற்கிற படியும் அதுதான். காணொளிகளில் போத்தலைச் சுற்றி நூலைக் கட்டி, மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்தி, அணைந்ததும் தண்ணீருக்குள் அமுக்குவார்கள். 'டிக்' என்ற சத்தத்தோடு போத்தல் நேராக இரண்டாகும். வீட்டில் செய்து பார்த்தால் வாய் பல்லுப் பல்லாக உடையும், அல்லது விரிசல் பாம்பாக நெளிந்து அடிவரை இறங்கும். எரியும் நூல் சூடாக்குவது ஒரு கோட்டை அல்ல, விரல் அகலப் பட்டையை. அந்தப் பட்டைக்குள் எங்கே உடைவது என்பதைப் போத்தலின் பழைய கீறல்களே முடிவு செய்கின்றன.

பழைய கீறல் என்பது சின்ன விஷயம் இல்லை. அணுப் பிணைப்புகளை வைத்துக் கணக்குப் போட்டால் கண்ணாடி உருக்கைத் தோற்கடிக்கும் வலு உள்ள பொருள். கையில் இருக்கிற போத்தலோ அந்தக் கணக்கில் நூறில் ஒரு பங்கு வலுவைக்கூடக் காட்டாது. ஏன் இப்படி என்று கேட்டவர் ஏ. ஏ. கிரிபித். இங்கிலாந்தில் பார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்த அவர், கண்ணாடியை இழையாக இழுத்து இழுத்துச் சோதித்தார். இழை மெலிய மெலிய வலு கூடிக்கொண்டே போனது. மிக மெல்லிய இழை, தடித்த கண்ணாடியைவிடச் சுமார் 20 மடங்கு இழுவையைத் தாங்கியது. 1921இல் வெளியான அவரது கட்டுரை சொன்ன காரணம் இதுதான்: கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் எல்லாக் கண்ணாடியிலும் உண்டு, இழுவை முழுவதும் அவற்றின் நுனியில் குவிகிறது, மெல்லிய இழையில் பெரிய விரிசலுக்கு இடமே இல்லை. உலோகம் என்றால் அந்த நுனி நெகிழ்ந்து மழுங்கிவிடும். கண்ணாடிக்கு நெகிழத் தெரியாது.

கண்ணாடி வெட்டுகிறவர் செய்வது, போத்தலில் இருக்கிற ஆயிரம் விரிசல்களுக்கும் மேலாகத் தன் விருப்பப்படி ஒரு பெரிய விரிசலைப் போட்டுவிடுவது. புடைவைக் கடைக்காரர் துணி விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு வைத்துவிட்டு இரு பக்கமும் இழுத்துக் கிழிக்கிற அதே உத்தி.

செய்முறையைக் கிட்ட நின்று பார்க்கலாம். இரண்டு பலகைத் துண்டை ஆங்கில எழுத்து 'வி' மாதிரி ஆணியடித்து, அதில் போத்தலைப் படுக்க வைக்கிறார்கள். வெட்டும் கருவியின் முனையில் சில மில்லிமீட்டர் விட்டமுள்ள கடினச் சக்கரம் ஒன்று இருக்கும். அதில் ஒரு துளி எண்ணெய். கருவி அசையாமல் நிற்க, போத்தலை மெதுவாகச் சுற்றுகிறார்கள். சரியான அழுத்தம் என்றால் 'கிர்ர்' என்று ஒரே சீரான மெல்லிய சத்தம் கேட்கும், தலைமயிர் அளவுக் கோடு விழும். வெள்ளையாகப் பொடி பறந்தால் அழுத்தம் கூடிப்போயிற்று. தொடங்கிய இடத்தில் கோடு வந்து முட்டியதும் நிறுத்திவிட வேண்டும். அதே கோட்டில் இரண்டாம் முறை ஓட்டுவதுதான் புதியவர்கள் செய்கிற முதல் பிழை. சக்கரம் முதல் சுற்றில் கண்ணாடிக்குள் செங்குத்தாக ஒரு விரிசலை இறக்கியிருக்கும். இரண்டாம் சுற்றில் பக்கவாட்டு விரிசல்கள் பிறந்து விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயரும்.

பிறகு கேத்தில் தண்ணீரும் வாளித் தண்ணீரும். கோட்டின்மேல் கொதிநீரை ஊற்றிக்கொண்டே போத்தலைச் சுற்ற வேண்டும், உடனே குளிர்நீர், மறுபடி கொதிநீர். இரண்டு மூன்று தடவையில் வேலை முடியும். உடைக்கிற வேலையைச் செய்வது குளிர்நீர்தான். சூடாகும்போது வெளித்தோல் விரியப் பார்க்கும், உள்ளே இருக்கும் கண்ணாடி விடாது. தோல் நெருக்கத்துக்குள் மாட்டும். நெருக்கத்தைக் கண்ணாடி நன்றாகத் தாங்கும். திடீரென்று குளிர்ந்தால் தோல் சுருங்கப் பார்க்கும், உள்ளே இருப்பது விடாது. இப்போது தோலில் இழுவை. போத்தல் கண்ணாடியில் தோல் ஒரு பாகை திடீரெனக் குளிர்ந்தால் ஏறக்குறைய 0.8 மெகா பாஸ்கல் தகைப்பு உண்டாகும், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் எட்டு மடங்கு. 60 பாகை வித்தியாசத்துக்கு 48 மெகா பாஸ்கல். கீறல் விழாத போத்தலே அந்த அளவில் தடுமாறும். கோடு கிழித்த போத்தலுக்கு அதில் ஒரு பங்கு போதும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கினிகத்தேனையில் அதைவிடக் கொஞ்சம் கூட. மலைநாட்டின் குளிர்ந்த பீலித் தண்ணீர் வாளியில் இருந்தால் அந்தக் குறை ஈடாகிவிடும்.

ஆய்வுகூடத்துக் குவளையில் இந்த வித்தை பலிக்காது. போரோசிலிக்கேட் கண்ணாடி சூட்டுக்கு விரிவது போத்தல் கண்ணாடியில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான்.

தண்ணீருக்கு இன்னொரு கைவரிசையும் உண்டு. விரிசல் நுனியில் இழுபட்டு நிற்கிற சிலிக்கன், ஒட்சிசன் பிணைப்பை ஒரு நீர் மூலக்கூறு தாக்கினால் அது இரண்டாக அறுந்து விரிசல் ஒரு படி முன்னே போகும். காற்றில் ஈரப்பதம் கூடக் கூட விரிசலின் வேகம் கூடுவதை அமெரிக்க ஆய்வாளர் ஷெல்டன் வீடர்ஹோர்ன் 1967இல் அளந்து காட்டினார். கண்ணாடிக் கடைக்காரர்கள் கோட்டை எச்சில் தொட்டு நனைத்துவிட்டு உடைப்பதன் பின்னால் இருப்பது இந்த இரசாயனம். கினிகத்தேனை மாதிரி எப்போதும் ஈரம் சொட்டும் ஊர் கண்ணாடி வெட்ட வசதியான ஊர் என்றுகூடச் சொல்லலாம். அதே ஈரம் பின்னால் தொல்லையும் தரும்.

போத்தலும் எல்லா இடத்திலும் ஒரே தடிப்பு இல்லை. கையில் எடுத்து நகத்தால் தடவினால் கழுத்தில் இருந்து அடிவரை எதிரெதிராக இரண்டு மெல்லிய தையல் கோடுகள் தட்டுப்படும். அச்சின் இரண்டு பாதிகள் பொருந்திய இடம் அது. 1903இல் அமெரிக்காவின் மைக்கேல் ஓவன்ஸ் தானியங்கிப் போத்தல் இயந்திரத்தை ஓட்டிக் காட்டிய பிறகு உலகத்துப் போத்தல்கள் எல்லாம் இப்படித்தான் பிறக்கின்றன. விரிசல் திசை மாறுவது பெரும்பாலும் தடிப்பு மாறும் இடங்களில்தான். அடியில் வட்டமாகப் புள்ளி புள்ளியாக ஒரு வரிசையும் தெரியும். அவையும் அலங்காரம் அல்ல. போத்தல் தரையில் அந்தப் புள்ளிகளில்தான் நிற்கும், அடிக்கண்ணாடி கீறல் படாமல் தப்பும். ஆகவே அடிக்கு மிக அருகிலோ தோள் வளைகிற இடத்திலோ கோடு போடாமல், சுவர் நேராக ஓடும் பகுதியில் போடுவதே புத்தி.

வெட்டிய வாய் சவர அலகுக்குச் சமம். கறுப்பு 'வாட்டர் பேப்பரை' 80இல் தொடங்கி 120, 220, 400 என்று படிப்படியாக மாற்றித் தேய்ப்பார்கள். அந்தத் தாளில் ஒட்டியிருப்பது சிலிக்கன் காபைட்டு. முழு வேலையும் தண்ணீருக்குள் நடக்க வேண்டும். உலர்ந்த தேய்ப்பில் பறக்கும் கண்ணாடித் தூள் கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாது. போதாததற்கு உராய்வுச் சூட்டில் விளிம்பு மறுபடி வெடிக்கும். தேய்க்கிறவருக்கு இதில் அலுப்புத்தான் மிச்சம். ஒரு குவளையை நல்ல விலைக்கு விற்க முடிவதும் முடியாததும் இந்த அலுப்பில்தான் இருக்கிறது. வாங்குபவர் முதலில் செய்வது விளிம்பில் விரல் ஓட்டுவது.

பனிமூட்ட நிறம் வேண்டுமானால் சிலர் கண்ணாடியை அரிக்கும் பசையை வாங்குகிறார்கள். புளோரைட்டுச் சேர்மங்கள் உள்ள அந்தப் பசை தோலுக்குள் ஊறி எலும்புவரை போகக்கூடிய நஞ்சு; குழந்தைகள் புழங்கும் வீட்டுக்கு உகந்தது அல்ல. ஆற்று மணல் போதும். படிகக்கல் மணல் கடினத்தில் 7ஆம் படி, கண்ணாடி ஐந்தரையைச் சுற்றி. ஈரச் சாக்குத் துண்டில் மணலை அள்ளிக்கொண்டு தேய்த்தால் போத்தல் மங்கிக்கொண்டே வரும். நேரம் பிடிக்கும், காசு பிடிக்காது.

வர்ணம் ஏன் உரிகிறது என்பது அநேகம் பேர் கேட்கிற கேள்வி. தொழிற்சாலையில் சூட்டோடு சூடாகப் போத்தலின்மேல் வெள்ளீய ஒட்சைட்டுப் படலம் ஒன்றை ஏற்றுவார்கள். குளிர்ந்த பிறகு பொலிஎத்திலீன் மெழுகுப் பூச்சு. போத்தல்கள் ஒன்றோடொன்று உரசிக் கீறாமல் நழுவிப் போவதற்கு அந்த ஏற்பாடு. வர்ணமும் அதே நழுவலில் மாட்டுகிறது. அதற்கும் மேலே, கண்ணாடிப் பரப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கண்ணுக்குத் தெரியாத நீர்ப் படலமாகப் போர்த்திக்கொள்ளும். மழை மாதத்தில் அடித்த அக்ரிலிக் வர்ணம் தோல் மாதிரிக் கழன்று வருவதற்கு இரண்டும் காரணம். 400ஆம் இலக்கத் தாளால் பரப்பை மங்கவைத்து, சவர்க்காரத்தால் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, அடுப்படிச் சூட்டில் நன்றாக உலர்த்தி, இளஞ்சூடாக இருக்கும்போதே பூசுவது நல்லது. பூசியதைச் சூட்டடுப்பில் வைத்து இறுக்குபவர்கள், குளிர்ந்த அடுப்பில் வைத்துத்தான் சூட்டை ஏற்ற வேண்டும். அடுப்போடேயே ஆறவும் விட வேண்டும். காரணம் மேலே சொன்ன 0.8 மெகா பாஸ்கல்.

பரிசுக் கடைகளில் அதிகம் விலைபோவது போத்தல் விளக்கு. இதற்கு இலங்கையில் ஒரு கசப்பான முன்கதை உண்டு. மின்சாரம் எட்டாத வீடுகளிலும் லயங்களிலும் தலைமுறை தலைமுறையாக எரிந்தது குப்பி விளக்கு: ஏதாவது ஒரு பழைய போத்தல், மூடியில் ஓட்டை, அதில் ஒரு திரி, உள்ளே மண்ணெண்ணெய். தட்டுப்பட்டுச் சரிந்தால் எண்ணெய் கொட்டும், தீ பரவும். நித்திரையில் இருந்த பிள்ளைகள் எரிந்தார்கள். இப்படி வந்த நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்த அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, 1990களின் தொடக்கத்தில் விளக்கையே மாற்ற முனைந்தார். அவருக்கு மாதிரி கொடுத்தது மார்மைட் போத்தல். கட்டையான, அகலமான, பாரமான போத்தல் அது. அதைப் பின்பற்றி அவர் அமைத்த 'சுதீப' விளக்குக்கு இரண்டு தட்டைப் பக்கங்கள் இருந்தன, விழுந்தாலும் உருளாமல் கிடப்பதற்கு. திருகு மூடி இருந்தது, கவிழ்ந்தாலும் எண்ணெய் கொட்டாமல் இருப்பதற்கு. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

பள்ளிக்கூடக் கேத்திர கணிதம்தான் இது. ஒரு பொருள் எவ்வளவு சரிந்தால் விழும் என்பதை அதன் அடி ஆரையும் புவியீர்ப்பு மையத்தின் உயரமும் தீர்மானிக்கின்றன. ஆரை 3.5 சென்டிமீட்டர், மையம் 10 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள நெட்டைப் போத்தல் 19 பாகை சரிந்ததும் போய்விடும். அதே ஆரையில் மையம் 3.5 சென்டிமீட்டருக்கு இறங்கினால் 45 பாகைவரை நிற்கும். இன்றைக்கும் வைன் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி 'மேசை விளக்கு' என்று விற்பவர்கள் உண்டு. இந்த ஊரில் அதைச் செய்யக் கூடாது. செப்புக் கம்பியில் கோத்த எல்.ஈ.டி. சரத்தை உள்ளே இறக்கினால் போதும். சூடு இல்லை, எண்ணெய் இல்லை. அதன் தக்கை மூடிக்குள் இருக்கும் பொத்தான் மின்கலம் குழந்தை வாய்க்கு எட்டாமல் இருக்கட்டும். விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

மலைநாட்டுக்கு எல்லாவற்றையும்விடப் பொருத்தமான போத்தல் பரிசு, போத்தல் தோட்டம். வெள்ளைக் கண்ணாடிப் போத்தல் ஒன்று, அடியில் சரளைக் கல், அதன்மேல் கரித்தூள், பிறகு இலைமக்கு, அதில் பாசியும் ஒரு குட்டிப் பெரணியும். கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடிவிட்டால் அதன் பிறகு மாதக்கணக்கில் அதைத் தொடத் தேவையில்லை. வேர் உறிஞ்சும் நீர் இலைவழி ஆவியாகும், சுவரில் வியர்த்து வழிந்து மறுபடி மண்ணுக்கு இறங்கும். பகலில் இலை காபனீரொட்சைட்டை எடுத்து ஒட்சிசன் விடும்; மக்கும் இலையும் நுண்ணுயிரும் எதிர்த் திசையில் வேலை செய்யும். மண்ணிற, பச்சைப் போத்தல்கள் செடிக்கு வேண்டிய ஒளியில் ஒரு பகுதியை வழியிலேயே பிடித்துக்கொள்வதால் இதற்கு உதவா. நேர் வெயிலும் ஆகாது, உள்ளே செடி வெந்துவிடும்.

இதைக் கண்டுபிடித்தவருக்குச் செடி வளர்க்கும் எண்ணமே அன்று இல்லை. நதானியேல் வார்ட் என்ற இலண்டன் வைத்தியர், 1829இல் ஒரு பருந்து அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு விரிவதைப் பார்க்க ஆசைப்பட்டு, ஈர மண்ணோடு அதை ஒரு போத்தலுக்குள் வைத்து மூடினார். சில நாளில் மண்ணில் இருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் எட்டிப் பார்த்தன. நிலக்கரிப் புகை மண்டிய தன் வீட்டுத் தோட்டத்தில் பெரணி வளர்த்துத் தோற்றுக்கொண்டிருந்தவர் அவர். போத்தலுக்குள் அவை ஏறக்குறைய நாலு வருஷம் உயிரோடு இருந்தன. அவர் ஊரில் இல்லாத ஒரு வேளையில் மூடி துருப்பிடித்து மழைத்தண்ணீர் இறங்கிய பிறகுதான் அழுகின. 1833இல் அதே தத்துவத்தில் செய்த கண்ணாடிப் பெட்டிகளில் செடிகள் இலண்டனில் இருந்து சிட்னிவரை கப்பலில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன.

அந்தப் பெட்டி உலகத்தின் தோட்டங்களை இடம் மாற்றியது. ரொபர்ட் பார்ச்சூன் சீனத் தேயிலை நாற்றுகளை இமயமலைச் சாரலுக்குக் கொண்டுபோனது வார்ட் பெட்டிகளில். இலங்கைக்கு வந்த தேயிலையின் கதை கொஞ்சம் வேறு. அசாம் விதை 1839லேயே பேராதனைக்கு வந்துவிட்டது, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்டார். ஆனால் இறப்பருக்கும் இந்த நாட்டுக்கும் பாலம் போட்டது கண்ணாடிதான். 1876இல் கியூ தாவரப் பூங்காவில் முளைத்த பிரேசில் இறப்பர்ச் செடிகளில் 1,919 நாற்றுகள் 38 வார்ட் பெட்டிகளில் கொழும்புக்கு வந்து, கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வேரூன்றின. கினிகத்தேனையில் இருந்து யட்டியந்தோட்டைக்கு இறங்கும்போது தேயிலை மறைந்து இறப்பர் மரங்கள் தொடங்கும். அவற்றின் மூதாதைகள் வந்தது, மேசையில் வைக்கப் பரிசளிக்கிற போத்தல் தோட்டத்தின் பெரிய அண்ணனுக்குள். பரிசோடு சேர்த்துக் கொடுக்கிற அட்டையில் எழுத இதைவிட நல்ல சேதி கிடைப்பது கஷ்டம். பாசியை வீட்டுச் சுவரிலோ பீலிக் கரையிலோ எடுக்கலாம். காட்டு ஓர்க்கிட்டைப் பிடுங்கி அடைப்பது சட்டப்படியும் குற்றம்.

உடைந்த போத்தலை என்ன செய்வது? வெட்டும்போது தோற்றவை, பாதையில் பொறுக்கியவை என்று சில்லு சேர்ந்துகொண்டே இருக்கும். கானாவில் ஒடுமாசே ஊரைச் சுற்றி வாழும் குரோபோ மக்களிடம் இதற்கு ஒரு வழி உண்டு. பியர் போத்தலையும் மருந்துப் போத்தலையும் உரலில் இடித்துச் சலித்து மாவாக்குவார்கள். களிமண் அச்சுத் தட்டில் சின்னச் சின்னக் குழிகள்; ஒவ்வொன்றிலும் மாவை நிரப்பி, நடுவே மரவள்ளி இலைக் காம்பு ஒன்றைக் குத்தி வைத்துச் சூளைக்குள் தள்ளுவார்கள். சூட்டில் கண்ணாடித் துகள்கள் முழுதாக உருகாமல் ஒன்றோடொன்று ஒட்டும்; காம்பு எரிந்து சாம்பலாக, அது நின்ற இடம் நூல் கோக்கும் துளையாகும். பெண் பிள்ளைகள் பருவமெய்தும் 'டிப்போ' சடங்கில் அணிவது இந்த மணிகளை. சுற்றுலாப் பயணிகள் வாங்கிப் போவதும் இவற்றையே. மரவள்ளிக்கு மலைநாட்டில் குறைவில்லை.

கண்ணாடி மணி இந்தத் தீவுக்குப் புதிதும் இல்லை. வடமேல் மாகாணத்தில் கிரிபாவையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கண்ணாடி உலைகள் தோண்டி எடுக்கப்பட்டுள்ளன. மன்னாருக்குப் பக்கத்து மாந்தைத் துறைமுகம், புதுச்சேரியருகே அரிக்கமேட்டைப் போல, இந்து, பசிபிக் பெருங்கடல்களின் கரையெங்கும் கடுகு கடுகாக இறைந்து கிடக்கும் சிறுமணிகளைச் செய்த இடங்களில் ஒன்று.

இந்த வேலைக்குச் சூளை வேண்டும், 700 பாகைக்கு மேல் சூடு வேண்டும், அதனால் தனி வீட்டைவிட ஒரு சங்கமோ மட்பாண்டம் செய்கிறவரோ சேர்ந்தால்தான் கட்டுபடியாகும். சூட்டை இறக்கும் வேகம்தான் கவனிக்க வேண்டியது. 540 பாகையைச் சுற்றிக் கொஞ்ச நேரம் நிறுத்தி, உள்ளே தேங்கிய இழுவை தளர்ந்த பிறகே கீழே விட வேண்டும். சாராயப் போத்தல் சில்லையும் சோஸ் போத்தல் சில்லையும் ஒரே தட்டாக உருக்கி ஒட்டினால், இரண்டின் விரிவும் நூலளவு வேறாக இருந்தால்கூடப் பொருத்தில் இழுவை தங்கிவிடும். சூளையில் இருந்து எடுக்கும்போது முழுசாக இருக்கும். கட்டிக் கொடுத்து, வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு, ஒரு ஈரமான இரவில் தானாக வெடிக்கும். அதனால் தட்டு, தட்டம் செய்கிறவர்கள் ஒரு தட்டுக்கு ஒரே போத்தலின் சில்லையே சேர்க்கிறார்கள். கலந்து குவிந்த சில்லை மணிக்கு ஒதுக்கிவிடலாம்; அது சின்னது, அதில் தேங்கும் இழுவையும் சின்னது.